வாஷர் அத்தானின் பீரங்கி

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதோ இல்லையோ, ரப்பர் வாஷர் நாலு இருக்கும். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் கிடக்கும், படுத்து எழுந்த கட்டிலில் கிடக்கும், ஒருமுறை அக்கா பரிமாறிய தட்டிலும் கிடந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். நான் அவரை அத்தான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். நான் மறுத்துப் பேசும் நாட்களில் மட்டும் ‘படிச்சவரே’ என்பார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்று அவருக்கு ஓர் இளக்காரம் உண்டு.

அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்ததே ஒரு குழாய் வழியாகத்தான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்று அப்பா கூப்பிட்டு வந்தார். வந்தவர் ஸ்குரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஒழுகுவது குழாய் இல்லை, சுவருக்குள்ளே இருக்கிற பைப் என்றார். இருக்க முடியாது என்று அப்பா சொன்னார். அந்த ‘முடியாது’தான் வினை. அரை மணி நேரத்தில் பாதிச் சுவர் தரையில் கிடந்தது. பைப் ஒழுகத்தான் செய்தது. அதைக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே, தண்ணீர் நின்ற பிறகுகூட அப்படி ஒரு ஆனந்தம் இல்லை. சுவரைப் பூச இரண்டு மாதம் வந்து போய்க்கொண்டிருந்தார். பூச்சு காய்வதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது. “செவுத்த உடைச்சவனுக்கே பொண்ணக் குடுத்துட்டா, இனிமே நம்ம வீட்ல எதையும் உடைக்க மாட்டான்” என்று அம்மா சொன்னாள். அம்மாவின் கணிப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டார், கடுஞ்சொல் பேச மாட்டார், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் தண்ணீர் நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு போவார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், மூடி இருக்கிற எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதது. சரியாக ஓடுகிற கடிகாரத்தைக்கூட ஏன் சரியாக ஓடுகிறது என்று திறந்து பார்ப்பார். அதன் பிறகு அது ஓடாது.

பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, தெருக்கோடியில் ஒட்டினாற்போல் இருக்கும் நாலு வீடுகளில் கடைசி வீட்டை வாங்கினார்கள். அக்கா தையல்காரி. வாடகை வீட்டில் இருந்தவரை நடைவழியில் மெஷின் போட்டுத் தைத்தாள். குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் துணியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டாமல் மிதித்துப் போனவனும் உண்டு, அது நான். புது வீட்டில் பின்பக்கம் ஓர் அறை கிடைத்தது. ஜன்னல் இடதுபக்கம். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம்வரை வெளிச்சம் நேராக ஊசியின் மேல் விழும். “இந்த வீட்ல எனக்குன்னு இருக்கறது இந்த வெளிச்சம்தான்டா” என்று அக்கா சொல்வாள். கதவு, நிலை, அலமாரி, தோட்டம் என்று பிறர் பெருமையடிப்பார்களே, அவள் வெளிச்சத்தைச் சொல்லிப் பெருமையடித்தாள்.

அந்த ஜன்னலுக்கு எதிரே, இருபதடி தள்ளி, சரிவு.

மேலே சாலையை அகலப்படுத்தியபோது மலையின் பக்கவாட்டை வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மரமில்லை, செடியில்லை, வெறும் செம்மண். செங்குத்து. ஒரு ஆள் ஏறி நின்றால் ஆளோடு சேர்ந்து மண்ணும் இறங்கும். போன மழைக்கு அந்த மண் கொல்லைச் சுவரைத் தாண்டி அக்காவின் ஜன்னல் கட்டைவரைக்கும் வந்து நின்றது. நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்ததால் அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு அவர் பூட்ஸ் அம்மா.

பூட்ஸ் அம்மா வளவளவென்று பேசுகிறவர் இல்லை. தடுப்புச் சுவர் கட்ட மூன்று வருஷம் ஆகும், வரிசையில் முன்னால் பல சரிவுகள் இருக்கின்றன என்றார். அதுவரை மண்ணைப் பிடித்து வைக்க ஒரே வழி, வேர் ஆழமாகப் போகிற ஒருவகைப் புல். ஒரு மூட்டை விதையை இறக்கி வைத்தார்.

“இந்த மழைக்கு முன்னாடி புல்லு மண்ண மூடணும். மூடலைன்னா முதல்ல காலி பண்ண வேண்டியது கடைசி வீடு” என்றார். கடைசி வீடு என்றபோது அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். “இன்னொண்ணு. மேல யாரும் காலே வைக்கக் கூடாது. ஒரு காலடி பட்டாலும் அந்த இடம் தளர்ந்துடும். தண்ணி அந்த வழியாத்தான் இறங்கும்.”

“கால் வைக்காம விதைய எப்படிங்க போடறது?” என்று அக்கா கேட்டாள்.

“மேல ரோட்டுலேருந்து தூவிப் பாருங்க.”

தூவிப் பார்த்தோம். பாதியைக் காற்று கொண்டுபோனது, பாதி உருண்டு அடியில் இருக்கும் சாக்கடையில் விழுந்தது. ஒரு மாதத்தில் சாக்கடையில் புல் அமோகமாக வளர்ந்தது. சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை தெரிகிற மாதிரி இருந்தது, கிட்டத்தில் பார்த்தால் அதுவும் பாட்டில் துண்டு. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “விடுங்க வாஷர். கால் வைக்காம அந்தச் சரிவுல ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

அத்தான் உள்ளே போனார். பரண்மேல் ஏறி உருளைக்கிழங்குப் பீரங்கியை இறக்கினார்.

அந்தப் பீரங்கிக்கு ஒரு முன்கதை உண்டு. பிளம்பர் சங்கத்து விளையாட்டு விழாவுக்காக எப்போதோ செய்தது. பைப், வால்வு, சைக்கிள் பம்ப், காற்று, அவ்வளவுதான். எப்படிச் செய்தார் என்று நான் எழுதப்போவதில்லை. செய்கிற காலத்தில் ஒருமுறை பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்து அவர் காதருகே போனது, படித்துவிட்டு இன்னொருவர் காது போக வேண்டாம். விழாவில் முதல் குண்டு, அதாவது ஒரு முழு உருளைக்கிழங்கு, மைதானத்தைத் தாண்டி முதல் பரிசு வாங்கியது, ஒரு பிளாஸ்டிக் வாளி. இரண்டாவது குண்டு சிறப்பு விருந்தினர் பந்தலுக்குள் போனது. மூன்றாவதாக யாரும் கேட்கவில்லை.

“குண்ட அடிக்கறது சுலபம் மாப்ள” என்றார் அத்தான். “ஒரே இடத்துல போய் விழும். நமக்கு அது வேணாம். வாயை விட்டு வெளிய வந்ததும் சிதறணும். சிதறி, ஒட்டணும். ஒட்டி, உருளாம நிக்கணும். அப்படி எதை அடைக்கறதுங்கறதுதான் கேள்வி.”

கேள்வி அவருடையது. பதில் முழுக்க அக்காவின் சமையலறையிலிருந்து போயிற்று.

கொல்லைச் சுவரில் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, ஈரமாக்கி, அதன்மேல் சுட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. முதலில் வெறும் விதை. டொப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை மாதிரி, அவ்வளவுதான். ஒரு விதைகூட விரிப்புக்கு வரவில்லை. இரண்டடி தள்ளி நின்ற அக்காவின் தலையில் இருந்தது. அடுத்து காய்ந்த பட்டாணியோடு கலந்து அடைத்தார். பட்டாணி பிரமாதமாகச் சிதறியது. எனக்கு மூன்று இடத்தில் பட்டது. விதை குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

“வெயிட் வேணும்” என்றார்.

“எனக்கு ஹெல்மெட் வேணும்” என்றேன்.

மக்ரோனியின் ஓட்டைக்குள் விதையைத் திணித்து மாவால் அடைக்கலாம் என்பது அடுத்த யோசனை. ஒரு சாயங்காலம் முழுக்க மூன்று பேர் உட்கார்ந்து நாற்பது மக்ரோனி அடைத்தோம். அக்கா கை வேகமான கை, முப்பது அவள் அடைத்தது. சரிவில் போய்ப் பட்டதும் அத்தனையும் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொண்டது. பிறகு ஐஸ். விதையோடு தண்ணீரை உறைய வைத்துத் துண்டு துண்டாக அடைத்தால், ஐஸ் உருகும், விதை நனைந்து ஒட்டும் என்றார். கேட்க அது நன்றாகத்தான் இருந்தது. குழாய்க்குள்ளேயே நொறுங்கி ஈரமாக வழிந்தது. பழைய பேப்பரை ஊறவைத்து உருண்டை பிடித்தோம். நான் பிழை திருத்தித் தந்த புரூஃப் தாள்கள்தான் அவை, என் உழைப்புக்கு அப்படியாவது ஒரு பயன் கிடைக்கட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தேன். அது பைப்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, கம்பி விட்டுச் சுரண்டி எடுக்க ஒரு நாள் ஆனது. களிமண் கோலி நன்றாகப் போனது, ஒட்டவும் செய்தது. ஆனால் ஒரு கோலி காற்றில் திசைமாறிக் கண்டக்டர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியை உடைத்தது. உள்ளே கண்டக்டர் இருந்தார்.

“வாஷர்! நான் பென்ஷன் வாங்கறது உமக்குப் பிடிக்கலியா?” என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

இத்தனைக்கும் அத்தான் சோர்ந்து போனதாகத் தெரியவில்லை. சோர்ந்து போனது அக்காதான். மழைக்கு இரண்டரை மாதம் இருந்தது. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்க்காமல் தைக்கப் பார்ப்பாள், முடியாது. ஒருநாள் நான் போனபோது ஒரு பாவாடைக்கு மூன்று பக்கமும் தைத்து மூடி வைத்திருந்தாள். கால் விட வழியே இல்லை. இருபது வருஷத்தில் அவள் செய்த ஒரே பிழை அது.

உருளைக்கிழங்கு யோசனை அத்தானுக்குக் குளிக்கும்போது வந்ததாம். ஈரத் துண்டோடு வந்து அக்காவின் காய்கறிக் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துத் துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டும் ஒரு விரல் கணு அளவு. துண்டின் நடுவில் திருப்புளியால் குடைந்து, நாலு விதை வைத்து, மேலே களிமண்ணால் மூடினார்.

“என்னன்னு நெனச்சீங்க இத?” என்றார்.

“கிழங்கு” என்றேன்.

“டேங்க்கு! உள்ள முக்காவாசி தண்ணி படிச்சவரே. விதைக்கு மூணு வாரத்துக்குக் கவலையே இல்லை. மேல ஏறித் தண்ணி ஊத்த ஆள் வேணாம். ஒவ்வொரு விதைக்கும் சொந்தமா ஒரு ஓவர்ஹெட் டேங்க்கு!”

விரிப்பில் சுட்டுப் பார்த்தார். பன்னிரண்டு துண்டு, பன்னிரண்டும் ஒரு வாசலகலத்துக்குச் சிதறி விழுந்தது. சரிவில் சுட்டார். வெட்டிய பக்கம் மண்ணில் அப்பிக்கொண்டு, ஒன்றுகூட உருளவில்லை. கண்டக்டரே சுவருக்கு மேலிருந்து கை தட்டினார்.

கிலோ கணக்கில் கிழங்கு வேண்டும். கடைக்காரர் மூலையில் போட்டு வைத்திருந்த மூட்டையைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். வாங்குவாரில்லாமல் கிடந்த பழைய கிழங்கு. எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக முளை.

“என்னங்க, முளைச்சிருக்கே” என்றாள் அக்கா.

“சமைக்கவா போறோம்?” என்றார் அத்தான்.

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒற்றுப் பிழை, சந்திப் பிழை என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவன். முளைத்த கிழங்கை மண்ணில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஒரு பிளம்பர், ஒரு தையல்காரி, ஓர் அச்சகத்துக்காரன். மூன்று பேரில் ஒருவராவது வாழ்நாளில் ஒரு செடி வைத்திருந்தால்தானே.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சுட்டோம். அக்கா குடைவாள், நான் விதை வைத்து அடைப்பேன், அத்தான் பம்ப் அடித்துச் சுடுவார். தெருவே நாற்காலி போட்டுப் பார்த்தது. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, வெள்ளையடிப்பதுபோல ஒழுங்காகச் சுட்டுக்கொண்டு போனார். நாலு வீட்டுக்கும் சேர்த்துத்தான். கண்டக்டர் வீட்டுக்கு எதிரே கொஞ்சம் கூடுதலாகவே சுட்டார், கண்ணாடிக்காக.

ஒரு தூறல் விழுந்தது. பத்து நாளில் சரிவில் பச்சை. அக்கா மெஷினை விட்டு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன், முதுகைத்தான் பார்த்தேன். அத்தான் என்னை அச்சகத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். இன்னும் பத்து நாள் போனதும் பச்சை அகலமாயிற்று. இலை விரிந்தது. புல்லுக்கு அவ்வளவு பெரிய இலை இருக்குமா என்று முதலில் கேட்டது கண்டக்டர் மனைவிதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகச் சரிவு முழுக்க உருளைக்கிழங்குச் செடி.

அத்தான் மூன்று நாள் கொல்லைப் பக்கமே போகவில்லை.

பூட்ஸ் அம்மா வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அவருடைய வழக்கத்துக்கு விரோதமாகச் சிரித்தார். அப்புறம் தொலைநோக்கியை எடுத்து நிதானமாகப் பார்த்தார். செடிக்கடியில் நூல் நூலாகப் புல் இருக்கிறது என்றார். எங்களுக்கு உயிர் வந்தது.

“இந்த இலை மழைத்துளி நேரா மண்ணுல அடிக்காம தடுக்கும். அதுக்குள்ள புல்லு வேர் பிடிச்சுடும். கிழங்குச் செடி தானா காய்ஞ்சு போயிடும். ஒருவிதத்துல நல்லதுதான்” என்றார். “ஆனா ஒண்ணு. கிழங்குக்கு ஆசைப்பட்டு யாராவது மேல ஏறித் தோண்டினா, முன்னவிட மோசம். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை. காலி பண்ணச் சொல்லித்தான் எழுதணும்.”

போகிறபோது வாசலில் நின்று பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “இந்தப் புல்லு உங்க கிழங்கு டேங்க்காலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதுங்க. முதல்ல மேலேருந்து தூவினீங்களே, அதுல தப்பிச்சதாவும் இருக்கலாம்.”

சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு அத்தானைத் தெரியாது.

சரிவில் ஒன்றை ஏற்றுவதற்குப் பாடுபட்ட மனிதர், அதன் பிறகு சரிவில் யாரையும் ஏற விடாமல் இருக்கப் பாடுபட்டார். சும்மா கிடைக்கிற கிழங்கு என்றால் தெருவுக்குக் கை ஊறாமல் இருக்குமா? கயிறு கட்டினார். கயிற்றில் காலி டப்பாக்களைத் தொங்கவிட்டார். ‘ஏறாதீர், தோண்டாதீர்’ என்று பலகை வைத்தார், பிழையில்லாமல் எழுதித் தந்தது நான். வேலைக்குப் போகிற இடத்திலிருந்து மதியம் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். கண்டக்டர் மனைவி ஒருநாள் கையில் பையோடு சரிவைப் பார்த்தபடி நின்றாள் என்பதற்காக அவளிடம் போய்ச் சண்டை பிடித்தார். அவள் குப்பை கொட்டத்தான் வந்தாளாம். “வேவு பாக்கறீங்களா எங்கள? உங்க ஒரு கிழங்கத் தொட்டா என் கை அழுகிப் போகட்டும்” என்று அவள் கத்தியது தெருமுனைவரை கேட்டது. நியாயத்தைச் சொன்னால், அந்தத் தெருவில் ஒருவரும் ஒரு கிழங்கைத் தொடவில்லை. கண்டக்டர் குடும்பம் உள்பட.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. எனக்கு லீவு. அக்கா நூல்கண்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். நானும் அத்தானும் கொல்லையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூவினது எப்படி மாப்ள நிக்கும்? அத்தனையும் சாக்கடைக்குப் போச்சே. நீங்களே பாத்தீங்கல்ல?”

“பார்த்தேன் அத்தான்.”

“அப்ப இது டேங்க்குதான். வேர் கிழங்குக்குள்ள போயிருக்கணும். ஒரே ஒண்ண எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்.”

நான் தடுத்திருக்க வேண்டும். கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம், அக்கா வரட்டும் என்று சொல்லியிருக்கலாம், ‘ஏறாதீர்’ என்று எழுதிய என் கையெழுத்தையாவது காட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

டப்பா சத்தம் வராமல் கயிற்றைத் தூக்கிக் குனிந்து போனார். அவர் கட்டிய கயிறு. பதினோரு காலடி ஏறினார். ஒரு செடியைக் கொத்தோடு பிடுங்கினார். வரும்போது கால் நிற்காமல் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வந்தார். கொல்லைக் கல்லில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். சுட்ட துண்டு சுருங்கிப் பழுப்பாகியிருந்தது. அதைப் பேனாக்கத்தியால் பிளந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புல்வேர், துளி இடமில்லாமல் நிறைந்திருந்தது.

“பாத்தீங்களா?” என்றார். அம்மா வீட்டுச் சுவரைப் பெயர்த்த அன்றைக்கு இருந்த அதே முகம். அந்த நேரத்தில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை இப்போது நினைத்தால்தான் கசக்கிறது.

அடியில் கைக்கு எட்டிய மூன்று காலடியை மண் போட்டுத் தடவினார். மிச்சம் எட்டு அப்படியே இருந்தது.

அக்கா வந்தாள். அவருடைய கால்சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள்.

“ஏறினீங்களா?”

அவர் பிளந்த கிழங்கை நீட்டினார். “இத பாரேன், வேர் எப்படி உள்ள...”

“ஏறினீங்களான்னு கேட்டேன்.”

“ஒரே ஒரு தடவ” என்றார்.

அக்கா நூல்கண்டைக் கல்லின்மேல் வைத்தாள். உள்ளே போனாள். சற்று நேரத்தில் தரையில் இரும்பு இழுபடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், தையல் மெஷினை ஜன்னலிலிருந்து இழுத்து முன்னறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நான் பிடிக்கப் போனேன். “விடு” என்றாள்.

ஒன்பதாம் நாள் மழை. பகலில், பதினோரு மணி வாக்கில். கனமழை என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரம் பெய்தது. தண்ணீர் அந்த எட்டுக் காலடியில் நின்றது, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது, பிறகு வழி கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு வண்டி அகலத்துக்கு மண் நாக்கு மாதிரி வந்து, ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு அந்த அறைக்குள் இடுப்பளவு நிறைந்தது. பின்சுவர் விரிந்துவிட்டது. அக்கா முன்னறையில் இருந்தாள். மெஷின் தப்பியது. அவள் தப்பியதை அதற்கு அப்புறம்தான் எல்லோரும் யோசித்துப் பார்த்து நடுங்கினோம்.

மற்ற மூன்று வீட்டுப் பக்கமும் ஒரு மண்கட்டி விழவில்லை. இலையும் புல்லும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தன.

பூட்ஸ் அம்மா மறுநாள் வந்தார். தெருவே கூடி நின்றது. மண் வந்த வழியைப் பார்த்துவிட்டு, “யார் ஏறினது?” என்று கேட்டார். கண்டக்டர் மனைவி அத்தானையே பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், என்ன சொல்வதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“நான்தாங்க” என்றார் அத்தான்.

“வேலியே பயிர மேஞ்ச கதையாப் போச்சே வாஷர்” என்றார் கண்டக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை.

வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். சட்டம் அப்படி, ஒருமுறை மண் உள்ளே வந்த வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. வேறு தெருவில், இரண்டாவது மாடியில் வாடகைக்குப் போனார்கள். அங்கே நடைவழிதான், அங்கேதான் மெஷின். பகலிலும் விளக்குப் போட்டுத் தைக்கிறாள். அக்கா அவரோடு சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. காபி ஆறிடுச்சு, பையில வாஷர் இருக்கு எடுங்க, துவைக்கணும் என்று எல்லாம் பேசுவாள். அந்தப் புதன்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. என்மேல் வந்தது அதைவிடக் கூடுதல்.

அந்த மழைக்காலம் முடிந்து இரண்டு மாதம் கழித்து பூட்ஸ் அம்மா அந்த இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். மூன்று வீட்டுக்குப் பின்னால் சரிவு அசையாமல் நிற்கிறதாம், கிழங்கெல்லாம் காய்ந்து இப்போது முழுக்கப் புல்தானாம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இதேபோல ஒரு சரிவு இருக்கிறது, அங்கேயும் யாரும் கால் வைக்க முடியாது, அந்தப் பீரங்கியும் அந்தக் கிழங்குக் கணக்கும் வேண்டும் என்றார்.

அத்தான் அக்காவின் பக்கம் திரும்பினார். மெஷின் நின்றது.

“சொல்லிக் குடுங்க” என்றாள் அக்கா. “பள்ளிக்கூடம்ங்கறாங்கல்ல.”

அவர் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு பெரிய துண்டு, எத்தனை விதை, எவ்வளவு களிமண், ஒரு தடவைக்குப் பன்னிரண்டுக்கு மேல் அடைக்கக் கூடாது, முளைவிட்ட கிழங்குதான் நல்லது. பூட்ஸ் அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நேரில் வந்து நீங்களே சுட்டுக் கொடுங்கள் என்று கேட்டார்.

“சுட்டுக் குடுத்துடறேங்க” என்றார் அத்தான். “ஆனா முளைச்சு வந்த பின்னாடி என்னை அந்தப் பக்கமே விடாதீங்க. நான் கேட்டாலும் விடாதீங்க.”

பூட்ஸ் அம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.